கல்யாணத்துக்கு வாசித்த மெட்டு

இது கட்டுக்கதை இல்லை. மருதையனிடம் கேட்டால் அவனே சொல்வான். ஆனால் பாதியில் எழுந்து போய்விடுவான், அதனால் நான் சொல்கிறேன். பகலில் படித்தால் பயம் இருக்காது என்று நினைக்கும் பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. இது நடந்ததே பட்டப்பகலில்தான்.

1970. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். மருதையன் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவன். முத்துப்பேட்டையில் மைக் செட் கடை வைத்திருந்த மீரா உசேன், பினாங்கிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டு ஒன்றை ஒருநாள் அவனுக்குப் போட்டுக் காட்டினார். இத்தாலிக்காரர்களின் பாட்டு நாடகமாம். சாகப்போகிற ஒருத்தி மெதுவாக இழுத்து இழுத்துப் பாடுகிறாள். பாஷை ஒரு எழுத்துப் புரியவில்லை. மருதையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதையே பினாங்கு ஓட்டல்ல ஜாஸா மாத்தி ஆடுறாங்க தம்பி," என்றார் மீரா உசேன்.

வீட்டுக்கு வந்து மனைவி செவ்வந்திக்கு வாசித்துக் காட்டினான். அவள் வேகத்தைக் கூட்டி, வார்த்தை கட்டி, நடவுப் பாட்டாக்கிவிட்டாள். இத்தாலிக்காரி கேட்டிருந்தால் மூர்ச்சை போட்டு விழுந்திருப்பாள். செவ்வந்தி முதல் அடி எடுத்தால் வயலே பின்பாட்டுப் பாடும்.

ஆவணியில் வந்தது வினை. கூலிச் சட்டம் வந்தும் பண்ணை அசையவில்லை. குறுவை அறுப்பில் வேலைநிறுத்தம். அதற்கு முன்பே பண்ணை வீட்டுக் கல்யாணத்துக்கு மருதையன் வெற்றிலை பாக்கு வாங்கியிருந்தான். வாங்கிவிட்டால் பேண்டுக்காரன் போயே ஆகவேண்டும்.

"போகாதீங்க," என்றாள் செவ்வந்தி.

"தாம்பூலம் வாங்கிட்டேனே."

"அப்ப என் பாட்டையாவது அங்க வாசிக்காதீங்க."

தலையாட்டிவிட்டுப் போனான். பந்தலில் கூட்டம் ஆட ஆட அவனுக்கு உற்சாகம் தலைக்கேறியது. அவள் மெட்டையே ஜாஸாக்கி ஊதித் தள்ளினான். ஒலிபெருக்கி நாலு ஊருக்குக் கேட்டது. பண்ணை அறுப்புக்கு இறக்கிய வெளியாட்களை மறித்து வயலில் நின்ற செவ்வந்திக்கும் கேட்டது. அந்த நேரத்தில்தான் பண்ணை ஆட்களின் தடி அவள் தலையில் விழுந்தது. நினைவு திரும்பாமலே போய்விட்டாள். ஒரு மன்னிப்புக் கேட்கக்கூட அவனுக்கு வாய்க்கவில்லை. அதுதான் அவனை அரித்துத் தின்றது.

ஐப்பசி. குறுவை அறுத்த வயலில் தாளடி நடவு. மத்தியானம் 12.05. மருதையன் வாய்க்கால் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தான். எதிரே வயலில் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று காற்று நின்றது. நாற்று ஒன்றுகூட ஆடவில்லை.

12.10. பாட்டுக் கேட்டது.

அவள் மெட்டு. ஆனால் நடவு வேகம் இல்லை. கல்யாண வேகமும் இல்லை. இசைத்தட்டில் இருந்த அதே இழுப்பு... அந்த ஊரில் அந்த இழுப்பை அவன் வாசித்துக் கேட்டவள் ஒருத்திதான்.

குரலும் அவளுடையதுதான்.

குனிந்த தலைகளில் அவள் தலை எது? ஒரு முறை நிமிர்ந்து பார்த்தால் போதும். ஓடிப்போய்க் காலில் விழுந்துவிடலாம்.

யாரும் நிமிரவில்லை.

முதல் அடி முடிந்தது. பின்பாட்டு வரவில்லை...

இரண்டாவது அடி. பெண்கள் நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து, தள்ளித் தள்ளிப் போனார்கள். பாட்டு மட்டும் நெருங்கி வந்தது.

12.20. கரையில்.

12.22. காதோரத்தில்...

ஈரச் சேற்று வாசனை.

கழுத்து திரும்ப மறுத்தது.

எழுந்து ஓடினான்.

மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் அம்சத்தைப் பார்த்தான். முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து அந்த நடவுக்கு வந்த பெண். ஊருக்குப் புதுசு. ஊர்க்கதை எதுவும் தெரியாது.

"அன்னைக்கு உங்கள்ல பாடுனது யாரும்மா?"

"எங்கள்ல யாரும் பாடலையேண்ணே. உங்க வீட்டுக்காரங்கதானே பாடுனாங்க?"

மருதையன் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"மத்தவங்க கவனிக்கல. நான் குனிஞ்சபடியே பாத்தேன். பாடிக்கிட்டே கரைக்கு வந்து, உங்க பக்கத்துலயே உக்காந்து, உங்க முகத்தையே பாத்துப் பாத்துப் பாடுனாங்க. கையைப் பிடிக்கக்கூட வந்தாங்க. நீங்க திரும்பிப் பாக்காம எழுந்து ஓடிட்டீங்க."

அம்சம் குரலைத் தாழ்த்தினாள்.

"என்ன சண்டையோ எனக்குத் தெரியாதுண்ணே. பேசித் தீத்துக்குங்க. நாங்க கரையேறுற வரைக்கும் அந்த அக்கா அங்கயே உக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு."