அப்பா ஒரு தடவை ஊதணும்

கோலார் தங்க வயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலேறி, பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரில் உட்கார்ந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற வேலையைக் கண்மணி விட்டதற்கு, சுரங்கக்காரர்களின் லைன் வீடுகளில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மேனேஜரோடு சண்டை என்றார்கள். ரயிலில் யாரோடோ சண்டை என்றார்கள். சண்டை போடக்கூடியவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. சீட்டுப் பிடிக்கிற தகராறில் பங்காருபேட்டை ஆள் ஒருவனை வாயாலேயே அடித்து அடுத்த பெட்டிக்குத் துரத்தியது இன்றைக்கும் அந்த ரயிலில் பேச்சு. ஆனால் அவள் வேலையை விட்ட காரணம் வேறு. அவளுடைய அப்பா ராஜு ஒரே ஒரு தடவை ஒரு குழாயில் ஊதவேண்டும். அவ்வளவுதான் காரணம்.

ராஜு நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைக்க டிரில் பிடித்தவர். சுரங்கத்தை மூடியபோது கண்மணி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மூடி இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பாறைத் தூசு அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை என்பது அவள் கட்சி. "இன்னா பெரிய தூசு, சளி" என்பது அவர் கட்சி. நாலு வீடு தள்ளி இருக்கிற குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள் அங்கங்கே நிற்பார். மூச்சு வாங்க நிற்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று, நிற்கிற வாசலிலெல்லாம் யாரையாவது கூப்பிட்டு நலம் விசாரிப்பார். புதிதாகக் குடிவந்தவர்கள், இந்த லைனிலேயே ராஜுவைப் போல அன்பான மனிதர் கிடையாது என்று நினைத்துக்கொண்டார்கள்.

இருமல் வந்தால் தோளில் கிடக்கும் துண்டை வாயில் திணித்து விழுங்கிவிடுவார். ஆமாம், விழுங்கத்தான் செய்வார். அவர் மட்டும் இல்லை, அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் இறங்கிய அண்டர்கிரவுண்டு ஆட்கள் எல்லாருக்குமே அது கைவந்த கலை. கையில் பேப்பரும் பேனாவும் வைத்திருக்கிற எவன் முன்னாலும் இருமக்கூடாது. இருமினால் 'அன்ஃபிட்' என்று எழுதிவிடுவான், வேலை போகும், வேலையோடு குவார்ட்டர்ஸும் போகும் என்று லைன் முழுக்க ஒரு பயம். வேலை போயாயிற்று. கம்பெனியும் போயாயிற்று. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாயில் முள்ளுச்செடி முளைத்துவிட்டது. அந்தப் பயம் மட்டும் ரிட்டையர் ஆகாமல் இன்னும் ஷிப்டு போய்க்கொண்டிருந்தது.

எந்த டாக்டரிடமும் அவர் வரமாட்டேன் என்றார். கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், புத்தர் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் கேட்டுப் பார்த்தாள். அந்த மனுஷன் அசையவில்லை. அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஆராய்ச்சிக் குழு ஒன்று ஊருக்கு வந்தது.

குழுவுக்குத் தலைவி பவ்யா. கன்னடக்காரப் பெண், கண்மணியைவிடச் சின்னவள். கோலார் தங்க வயல் ஜனங்களின் மூச்சு கெட்டதற்கு எது எவ்வளவு காரணம் என்று பிரித்துப் பார்ப்பது அவர்கள் வேலை. சுரங்கத்துக்குள் கழித்த வருஷங்களா, தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சைனைட் மேட்டிலிருந்து காற்றில் அடித்து வருகிற தூசா, பீடியா, விறகடுப்புப் புகையா? வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க உள்ளூர் ஆள் தேடினார்கள். நோய் இருப்பது தெரிந்தால் பெங்களூரில் பெரிய டாக்டரிடம் தாங்களே அழைத்துப் போவதாகவும் சொன்னார்கள். கண்மணி அடுத்த நாளே பில் கவுண்டருக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

இது என்ன ஆராய்ச்சி என்று லைன் பெண்கள் கேட்டபோது அவள் சொன்ன விளக்கம் இது. "சாம்பார் கெட்டுப்பூடுச்சுன்னு வெச்சுக்கோ. பருப்பு ஊசிப்போச்சா, புளி சரியில்லியா, சட்டிய ஒழுங்கா கழுவலியா? எல்லாமே கொஞ்சங்கொஞ்சம் இருக்கும். எது எவ்ளோன்னு பிரிச்சுப் பாக்கறாங்க."

"சாம்பார கொட்டிட்டு வேற வெச்சுக்கலாம்," என்றாள் எதிர்வீட்டு ரத்தினம்மா. "ஊட்டுக்காரன இன்னா பண்றது?" சிரித்துச் சிரித்து அவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரிப்பெல்லாம் வாசலோடு சரி. உள்ளே போய்ப் பேனாவை எடுத்தால் முகம் மாறிவிடும். இருமல் இருக்கிறதா என்றால் இல்லை. மூச்சு வாங்குகிறதா என்றால் அதுவும் இல்லை. அதே நேரத்தில் உள்ளறையில் யாரோ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுவது கேட்கும். கண்மணிக்குப் பற்றிக்கொண்டு வரும். "அப்போ உள்ள இருமறது ஆரு, பூனையா?" என்பாள். "டிவிமா" என்று பதில் வரும். டிவி அணைந்துதான் கிடக்கும்.

வாய் பொய் சொன்னாலும் மெஷின் பொய் சொல்லாது என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, ஊதிப் பார்க்கும் மெஷினை வைத்திருந்தார்கள். ஒரு குழாயில் மூச்சை முழுக்க இழுத்து ஊதவேண்டும். நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று திரையில் கோடு எழும்பிக் காட்டிவிடும். அப்பாவுக்கு அவள் கையாலேயே சீட்டு எழுதிக் கொடுத்தாள். முகாமின் கடைசி நாளன்று போகவேண்டும்.

"சரிமா, போறேன்" என்றார் ராஜு.

அவ்வளவு சுலபமாகச் சரி என்றாரே, அங்கேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை. அன்றைக்குக் கேசரி கிண்டினாள்.

கடைசி நாள் மண்டபத்தில் சீட்டு வாங்குகிற பெண்ணுக்கு ஜுரம் என்று, அதுவரை வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்த கண்மணியை அங்கே வரச் சொன்னார்கள். வந்ததும் வராததுமாகப் பவ்யா அவளைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் புரியல. இருபது வருஷம் அண்டர்கிரவுண்டுல இருந்தவங்க எல்லாரும் ஜோரா ஊதறாங்க. சுரங்கத்துக்குள்ள காலே வைக்காதவங்கள விட நல்லா ஊதறாங்க. எங்கயோ தப்பு இருக்கு, எங்கன்னு தெரியல. இப்படியே முடிஞ்சா, சுரங்கத் தூசுக்கும் மூச்சுக்கும் சம்பந்தம் இல்லைன்னுதான் நான் எழுதணும்."

"எழுதினா?"

"பீடி குடிக்காதீங்கன்னு ஒரு போஸ்டர் ஒட்டிட்டு நாங்க கிளம்பிடுவோம்."

அப்பா ஊதட்டும், ஒரு ஆள் ஊதினாலே இவர்களுக்குப் புரிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு கண்மணி மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். அப்புறம்தான் மண்டபத்தை நிமிர்ந்து பார்த்தாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் தம்பிமார்கள், மருமகன்கள், சுரங்கத்துக்கு மேலேயே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள். பின்னால் சுவரோரம் துண்டும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்கள்தான் நிஜமான டிரில்காரர்கள். துணைக்கு வந்தவர்கள்போல அடக்கமாக இருந்தார்கள்.

"ராஜு, நந்திதுர்க்!" என்று மெஷின் அருகிலிருந்து கூப்பிட்டார்கள்.

எழுந்து வந்தவர் ஃப்ரெடி.

பக்கத்து வீட்டு ஃப்ரெடி. கார்பென்டர் ஷாப்பில் வேலை பார்த்தவர், ஒரு நாளும் கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் போனவர் இல்லை. பேண்டு செட்டில் கார்னெட் என்கிற ஊதுகுழல் வாசிப்பவர். கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும் அவர் ஊதினால் ஆண்டர்சன்பேட்டை வரைக்கும் கேட்கும் என்பார்கள். மேஜையருகே கண்மணி இருப்பதைப் பார்த்ததும் அந்த மனிதர் சீட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

கண்மணி எழுந்து போய் அவர் வழியை மறித்தாள். "ஃப்ரெடி மாமா, இன்னா இது?"

"நான்தான் ராஜு" என்றார் அவர், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க ராஜுன்னா நான் உங்க பொண்ணு. எங்க, என் முகத்தப் பாத்து சொல்லுங்க."

"கத்தாதமா." ஃப்ரெடியின் குரல் கீழே போயிற்று. "உங்கப்பன் கையப் புடிச்சுக்கினு கெஞ்சினான், ஒரு தபா ஊதிட்டு வாடான்னு. நான் இன்னா புச்சாவா ஊதறேன்? கம்பெனி மெடிக்கல்ல எத்தினி பேருக்கு ஊதிக்கீறேன்! டோக்கன் நம்பர்தான் அங்க. மூஞ்சிய எவன் பாத்தான்? உங்க சித்தப்பனுக்குக்கூட..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

சித்தப்பாவும் டிரில்காரர்தான்; அவர் செத்தபோது அவள் சின்னப் பிள்ளை. கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குவார், படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று. அப்படி உட்கார்ந்தபடியே ஒருநாள் போய்விட்டார். நல்லா இருந்த மனுஷன், வருஷா வருஷம் ஃபிட்டு, திடீர்னு இன்னா வந்துச்சோ என்று அப்பா அழுதது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"சித்தப்பாவுக்கு ஊதினது நீங்களா?"

"அதே வாயாலதான் அவன் சாவுக்கும் ஊதினேன்" என்றார் ஃப்ரெடி. "முடியாதுன்னு சொல்லிருந்தா நம்ம லைன்ல என்ன மனுஷனாவே மதிச்சிருக்க மாட்டாங்கமா."

"எங்கப்பா எங்க?"

அவர் வாசலைப் பார்த்தார். கண்மணி விடுவிடுவென்று போனாள்.

செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், கல்யாண வளைவுக் கம்பம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ராஜு நின்றார். மகளைப் பார்த்ததும் துண்டு வாய்க்குப் போயிற்று. கழுத்து நரம்பு புடைக்க, முகம் கறுத்துச் சிவக்க விழுங்கினார்.

"வெளியே துப்புப்பா! இருமித் தொலை!"

"மெதுவா பேசு. பேப்பரு வெச்சுக்கீறாங்க உள்ள." மூச்சுக்கு நடுவில் இரண்டிரண்டு வார்த்தையாகச் சொன்னார். "எழுதிட்டாங்கன்னா... ஊட்ட எடுத்துக்குவாங்க. உனுக்கு இன்னா தெரியும்?"

"எவன் வந்து எடுப்பான்? கம்பெனி எங்க கீது? ஷாஃப்டுல தண்ணி நின்னுக்கீதுப்பா!"

"எங்களுக்குத் தெரியும்மா. ஃபிட்டுன்னு எழுதினாதான் நிம்மதி."

கண்மணிக்கு வந்த கோபத்தில் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பதுகூடத் தெரியவில்லை. "சித்தப்பாவையும் வருஷா வருஷம் ஃபிட்டுன்னுதான் எழுதினாங்க. ஃபிட்டாவே செத்தாரு! நீயும் ஃபிட்டாவே சாவப் போறியா?"

கோபம் அவ்வளவுதான் தாங்கிற்று. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாயாடிக் கண்மணி, பட்டப்பகலில், பேட்டை நடுவில் நின்று அழுதாள். "எனக்கு பயமா கீதுப்பா. நீ இருமற வரைக்கும் தூங்கறேன். சத்தம் நின்னுச்சுன்னா எழுந்து வந்து மூக்குல கை வெச்சுப் பாக்கறேன். தெனமும் பாக்கறேன். அம்மாவும் இல்ல. நீயும் பூட்டீன்னா நான் ஆரோட சண்ட போடுவேன்?"

ராஜு கம்பத்தை விட்டார். அப்புறம் தோளிலிருந்த துண்டை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொள் என்பதுபோல் அவளிடம் நீட்டினார். படியேறி உள்ளே நடந்தார். நடுவில் இரண்டு இடத்தில் நின்றார். இந்தத் தடவை யாரையும் கூப்பிட்டு நலம் விசாரிக்கவில்லை.

மண்டபம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃப்ரெடி ஒதுங்கி நாற்காலியை விட்டார். ராஜு உட்கார்ந்தார். பவ்யாவின் கையிலிருந்த பேனாவை ஒரு முறை பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அவர் மூக்கில் கிளிப்பை மாட்டிக் குழாயை வாயில் வைத்தாள். எல்லாரையும்போல அவரையும் கன்னடத்தில் அவசரப்படுத்தினாள். "ஊதி, அங்கிள், ஊதி, ஊதி, இன்னூ ஊதி!"

ஊதினார். திரையில் கோடு எழுந்திருக்கப் பார்த்தது, முடியாமல் படுத்துவிட்டது. பவ்யா அதைப் பார்த்தாள், ஃப்ரெடியைப் பார்த்தாள், சுவரோரம் துண்டும் கையுமாக இருந்தவர்களைப் பார்த்தாள்.

அப்போதுதான் ராஜுவுக்கு இருமல் கிளம்பியது. கை தானாகத் தோளுக்குப் போயிற்று. தோள் வெறுமையாக இருந்தது. துண்டு மகளிடம் இருந்தது. கையை நீட்டினார். கண்மணி துண்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினாள். கொடுத்துவிடலாம் என்று அவள் மனசு கிடந்து தவித்தது. கொடுக்கவில்லை.

இருமினார். எத்தனையோ வருஷமாக விழுங்கினதெல்லாம் சேர்ந்து வந்ததுபோல, நாற்காலி ஆட, மேஜையைப் பிடித்துக்கொண்டு, பேப்பரும் பேனாவும் வைத்திருக்கிறவள் முகத்துக்கு நேராக இருமினார். கண்மணி ஓடிப்போய் முதுகைத் தாங்கிக்கொண்டாள்.

பிறகு சுவரோரத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த இருமல். அதற்குப் பக்கத்திலிருந்து இன்னொன்று. தூணுக்குப் பின்னாலிருந்து ஒன்று. வாயிலிருந்து துண்டுகள் இறங்க இறங்க, நாதஸ்வரமும் மேளமும் கேட்டுப் பழகிய அந்த மண்டபம் பூராவும் இருமியது. ஃப்ரெடி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இவங்கள்லாம் யாரு, அக்கா?" என்றாள் பவ்யா. கேட்பதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க இத்தினி நாளா கூப்பிட்ட பேருக்கெல்லாம் நெசமான ஆளுங்க, மேடம்."

பவ்யாவின் பேனா பேப்பர்மேல் அப்படியே நின்றது. ராஜுவுக்கு மூச்சு திரும்ப நேரமாயிற்று. திரும்பியதும் அவர் மகளின் கையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பேனாவைக் கையால் காட்டினார்.

"எழுதிக்கோமா," என்றார். "ராஜு. நந்திதுர்க், அண்டர்கிரவுண்டு. இருமல் கீது."