தொட்டிலில் ஆடிய டேங்க்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, என் தம்பியின் ஸ்பிரிங் தொட்டிலில் ஒரு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் மூன்று நாள் கிடந்து ஆடியது. ஆட்டியவள் நான்தான். தம்பி கூடத்துப் பாயில் கிடந்து ஊரைக் கூட்டி அழுதான். இன்று மீசை முளைத்துக் கல்லூரிக்குப் போகிறான். அந்தப் பேச்சை எடுத்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

வண்டி சித்தியுடையது. சித்தி என் அம்மாவின் தங்கை. பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டு, கிள்ளானில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். வண்டி அவளுக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது. கேரித் தீவுத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில் தாத்தா ஓட்டிய பழைய பிரிட்டிஷ் வண்டி அது. அவருக்கு வயதான பிறகு அதைக் குளிப்பாட்டித் துடைத்து, எண்ணெய் மாற்றி, டேங்க் துருப்பிடித்தபோது உள்ளே பூச்சு ஊற்றி அடைத்தது எல்லாம் மருமகனான என் அப்பா. வண்டி அப்பாவுக்குத்தான் என்று சொந்தமெல்லாம் நினைத்திருந்தது. சொந்தத்துக்கு முன்பே அப்பா நினைத்துவிட்டார். தாத்தாவோ சாவியைச் சித்தியின் கையில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அப்பா வண்டியைத் தொடவே இல்லை.

வண்டிக்கு வந்த வியாதி அப்பா ஊற்றிய அந்தப் பூச்சுதான். வருடங்கள் போகப் போக அது செதில் செதிலாக உரிந்து, பெட்ரோல் இறங்கும் வழியை அடைத்துக்கொண்டது. இரண்டு கிலோமீட்டர் ஓடும், நின்றுவிடும். சித்தி வேலைக்குப் போகும் நீல உடுப்போடு வியர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். பக்கத்து வீடுகளில் திரைச்சீலைகள் விலகும்.

மூன்றாம் முறை தள்ளிக்கொண்டு வந்த அன்று, சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா தீர்ப்புச் சொன்னார்.

“அந்த வண்டிக்கு உயிர் போயிருச்சு லா. போர்ச்சுல காரை நிறுத்த இடமில்லே. சனிக்கிழமை பழைய இரும்பு லோரி வர்றதுக்குள்ள ஸ்டார்ட் ஆகலைன்னா ஏத்தி விட்ருவேன்.”

“ஸ்டார்ட் ஆயிட்டா அத்தான்?”

“ஆயிட்டா நான் ஏன் பேசப் போறேன்?”

சித்தி பாதிச் சோற்றோடு எழுந்து போனாள். தாத்தாவுடையது என்று அவளிடம் வேறு ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரியும். எனக்கு அப்பாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தாம் ஊற்றிய பூச்சால்தான் வண்டி நிற்கிறது என்று தெரிந்தும் தெரியாதவர்போல மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சித்தி புதன்கிழமையிலிருந்து மூன்று நாள் லீவு போட்டாள். எனக்கும் பள்ளி விடுமுறை. கைப்பேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர், டேங்குக்குள் பெயின்ட் கரைக்கும் தின்னரும் நட்டு போல்ட்டும் போட்டு, அதைச் சிமென்ட் கலக்கும் இயந்திரத்தில் கட்டிச் சுற்றவிடுவதை நாங்கள் இருவரும் பார்த்தோம். பூச்சு இளகிக் கழன்று வந்துவிடுமாம். சிமென்ட் இயந்திரத்துக்கு எங்கே போவது? சித்தி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் கண் தொட்டிலில் போய் நின்றது.

“பிள்ளை தூங்குற தொட்டிலுடி!” என்று அம்மா பதறினாள்.

“மூணு நாள்தான்க்கா. அவன் பாயிலயும் தூங்குவான். டேங்க் பாயில கிடந்தா ஆடுமா?”

தொட்டிலை இரும்புச் சட்டத்தோடு போர்ச்சுக்குத் தூக்கி வந்தோம். அதை ஆட்டும் மின்சார மோட்டாரைச் சித்தி முதல் வேலையாகக் கழற்றிவிட்டாள். தின்னர் ஆவியில் ஒரு பொறி பட்டால் வீடே போய்விடும் என்றாள். ஆகவே மோட்டார் வேலை எனக்கு வந்தது. பழைய ரப்பர் செருப்பை வெட்டி டேங்கின் ஓட்டைகளை அடைத்து, நட்டுகளைப் போட்டு, தின்னரை ஊற்றி, மூடியை இறுக்கி, அம்மாவின் பழைய கைலியில் சுற்றிப் படுக்க வைத்தோம். நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். தொட்டில் குதித்தது. உள்ளே நட்டுகள் கடகடவென்று உருண்டன.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆன்டி கேட்டருகில் வந்தார்.

“ஏன்மா, பிள்ளைக்கு வயிறு சரியில்லையா?”

“மருந்து குடுத்திருக்கோம் ஆன்டி,” என்றாள் சித்தி, கண் இமைக்காமல்.

ஆன்டி கைலியை விலக்கிப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அன்று மாலைக்குள் எங்கள் வரிசையில் பதினோரு வீட்டுக்கும் செய்தி தெரியும்.

புதன் போயிற்று, வியாழனும் போயிற்று. என் கை இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. தின்னரைக் கொட்டிப் பார்த்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர்தான் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். பூச்சு உள்ளே கல்லுப்பிள்ளையார்போல அசையாமல் உட்கார்ந்திருந்தது. சித்தி அப்படியே போர்ச்சுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா வேலையிலிருந்து வந்தார். கையில் ஒரு டப்பா இருந்தது. எங்களைப் பார்க்காமல், வீட்டுக்குள் இருந்த அம்மாவிடம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

“கேட்டுல பழைய பெயின்ட்டை உரிக்க மருந்து வாங்கியாந்திருக்கேன். செருப்பு ரேக்குக்குக் கீழ வச்சிருக்கேன், யாரும் தொடக்கூடாது. கையுறை போடாமத் தொட்டா தோலு வெந்துரும். ஒரு மணி நேரத்துல எப்பேர்ப்பட்ட பெயின்ட்டும் சுருண்டுக்கும். அப்புறம் நல்லா தண்ணி ஊத்திக் கழுவணும், ஆமா.”

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் நானும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். டப்பாவை எடுத்து வந்தது நான்தான். என் வாழ்க்கையில் முதல் திருட்டு. சித்தி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் உதட்டில் ஏதோ ஒன்று வந்து போனது. திருடுவதற்கு அவளும் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு சித்தி மருந்தை டேங்குக்குள் ஊற்றினாள். ஒரு மணி நேரம் மெதுவாக ஆட்டினேன். பிறகு கொட்டிவிட்டுத் தண்ணீர் விட்டு மூன்று முறை அலசினோம். டார்ச் அடித்ததும் சித்தி வீறிட்டாள். உள்ளே பூச்சு, பால் ஆடைபோலச் சுருங்கி ஓரம் விட்டிருந்தது.

அதை எடுக்கத்தான் வழியில்லை. டேங்கின் வாய் சித்தியின் கைக்குச் சிறிது. குறடு விட்டால் துண்டு துண்டாகக் கிழிந்து வந்தது. நான் அம்மாவின் மஞ்சள் சமையலறைக் கையுறையை மாட்டிக்கொண்டு கையை விட்டேன். மணிக்கட்டு வரை போயிற்று. வழவழவென்று ஓர் ஓரம் விரலில் சிக்கியது.

“மெதுவா, மெதுவா... ஆட்டிக்கிட்டே இழு. கடைவாய்ப் பல்லு மாதிரி!” என்றாள் சித்தி.

அது வந்தது. ஒரு கை நீளத்துக்கு, கருகிய தோசைபோல, வந்துகொண்டே இருந்தது. கடைசி முனை ‘பொளக்’ என்று வெளியே வந்ததும் நான் பின்னால் சாய்ந்து மல்லாந்து விழுந்தேன். விழுந்தபடியே அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக் கத்தினேன். சித்தி என்னையும் அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அன்றைய சந்தோஷத்துக்கு ஈடாக ஒன்று, பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

மிச்சத்தையும் பிடுங்கி, கழுவி, மொட்டை வெயிலில் டேங்கைக் கவிழ்த்து வைத்தோம். உள்ளே வெறும் இரும்பு மினுங்கியது.

சனிக்கிழமை காலை சித்தி டேங்கை வண்டியில் பூட்டிப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, “சூராட் காபார் லாமா... பெசி பூரோக்...” என்று பழைய பேப்பரும் பழைய இரும்பும் கேட்டு ஒலிபெருக்கி அலற, லோரி தெருமுனையில் திரும்பியது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சித்தி ஓர் உதை உதைத்தாள். வண்டி இருமியது. இன்னொன்று. லோரி எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. மூன்றாவது உதைக்கு வண்டி ‘தடதடதட’ என்று பிடித்துக்கொண்டது பாருங்கள், ஒலிபெருக்கியே அடங்கிப்போனது. லோரிக்காரச் சீன அங்கிள் சிரித்துக்கொண்டே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சித்தி லோரியைச் சுற்றிக்கொண்டு சீறிப் போனாள். அன்று கேரித் தீவு வரை போய்த் திரும்பினாள். வண்டி ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

நான் அந்தத் தோசையைக் கொண்டுபோய் அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். “பாருங்கப்பா, நீங்க ஊத்துனது!”

அவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்லாத்தான் ஊத்தியிருக்கேன் லா. இத்தனை வருஷம் தாங்கியிருக்கு,” என்றார்.

தோற்றவருக்கு இவ்வளவு திமிரா என்று எனக்கு வயிறு எரிந்தது. அதைவிடப் பெரிய கவலை, காலி டப்பா. அது எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு மாதம் பொய்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. அப்பாவுக்கு மறதி, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். கேட்டைத் தள்ளியபோது உள்ளங்கையில் பச்சைச் செதில்கள் ஒட்டின. அதே பழைய பெயின்ட். கேட்டை உரிக்க அன்று மருந்து வாங்கி வந்த அப்பா, திரும்பப் பூசுவதற்கு ஒரு டப்பா பெயின்ட் வாங்கி வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.