இழுப்பறைக்குப் போகாத ஒன்பது பட்டைகள்

இர்மெலி கர்சிகாஸ் எங்கள் கம்பெனிக்கு வந்தபோது, ரேடியோ என்றால் அவளுக்குச் சமையலறையில் பாடும் பெட்டிதான். ஓவ்லு நகரக் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருடம் பனிச்சறுக்குக் கட்டை விற்றவள். அந்தக் கடையை மூடிய வாரமே எங்கள் முதலாளி யார்மோ அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். "சந்தை நிலவரம் எல்லாம் இனிமே இர்மெலி பாத்துப்பா" என்றான். மற்ற ஐந்து பேரும் இன்ஜினியர்கள். அறிமுகம் இல்லாத மனிதரிடம் வலியப் போய் வாய் திறக்க எங்களில் ஒருவனுக்கும் துணிவு கிடையாது. லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரன் நின்றால் படியேறிப் போகிற ஆள் நான்.

நெஞ்சில் கட்டும் பட்டை ஒன்றும் கைக்கடிகாரம் ஒன்றும் செய்தோம். பட்டை இதயத்துடிப்பை எண்ணிக் கடிகாரத்துக்குச் சொல்லும். அந்தச் சின்ன ரேடியோ ஒரே ஒரு பட்டன் பேட்டரியில் ஒரு வருடம் ஓடும், பத்து மீட்டர் வரை எட்டும். ஆன்டெனா என் வேலை. பத்து மீட்டரைப் பதினொன்று ஆக்குவதற்காக நான் இரண்டு வருடம் தூக்கம் கெட்டேன். கடைசிவரை பத்துதான்.

2010-ம் வருடம் வந்த அறிக்கைகள் எல்லாம் கோடிகளில் பேசின. ஐந்தே வருடத்தில் மணிக்கட்டில், செருப்பில், பல்துலக்கியில் எல்லாம் இந்த ரேடியோ இருக்குமாம். இர்மெலி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒன்றைப் படித்தாள், என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா பெர்த்து, இதை எழுதினவன் வாழ்க்கையில ஒரு ஜோடி செருப்பாவது வித்திருப்பானா?"

"அவன் பெரிய நிபுணன், இர்மெலி."

"அதான் கேட்டேன்."

அவள் கணக்கே வேறு. "எத்தனை பேர் வாங்குவாங்கன்னு கேக்கவே கூடாது. நாலு மாசம் கழிச்சு எத்தனை இழுப்பறையில கிடக்குன்னு போய்ப் பாக்கணும்" என்பாள். அக்டோபரில் நாற்பது வீடுகளுக்கு, வீட்டுக்கொரு பட்டையும் கடிகாரமும் சும்மா கொடுத்தாள். அதில் ஒன்று அவள் வீடு. பிப்ரவரியில் கூடை நிறைய ஏலக்காய் பன்னோடு வீடு வீடாகப் போய், காப்பி குடித்து, இழுப்பறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். முப்பத்தொன்று உள்ளே கிடந்தன. ஒன்பது மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஒன்பதில் அவளுடையதும் சேர்த்தி. ஆனால் கடிகாரத்தை நவம்பரிலேயே வீட்டில் எங்கோ தொலைத்துவிட்டாள். பட்டையை மட்டும் விடாமல் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

"சந்தை அதிகாரியே பொருளைத் தொலைச்சா கம்பெனி உருப்பட்ட மாதிரிதான்" என்றேன்.

"பட்டை உள்சட்டை மாதிரி ஆயிப்போச்சுடா. கழட்ட மறந்துடுது."

பிப்ரவரிக் கடைசியில் ஹெல்சிங்கியிலிருந்து ரூரிக் ஸ்டோலே என்பவர் வருவதாக இருந்தது. அவர் முதல் போட்டால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் மார்ச்சோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஐம்பது வயதில் இன்னொரு கடை மூடுவதை இர்மெலி பார்க்க வேண்டியிருக்கும். யார்மோ அவளிடம் கெஞ்சாத குறை.

"அந்த முப்பத்தொண்ணை மட்டும் சொல்லாத. கோடிக் கணக்கை வாசி, உக்காரு."

"பொய் சொல்லிக் கட்டை வித்தா வாங்கினவன் காலை உடைச்சுக்கிட்டுத் திரும்பி வருவான் யார்மோ. நான் பாத்திருக்கேன்."

ரூரிக் வந்தார். நல்ல உயரம், நல்ல கோட்டு, சிரிப்பே இல்லாத முகம். இர்மெலி தன் பட்டையையே அவருக்குக் காட்டினாள். ஒரு கடிகாரத்தை அதோடு இணைத்து அவர் கையில் கட்டிவிட்டேன். அவள் துடிப்பு 78 என்று காட்டியது. அவர் தலையாட்டினார். பிறகு அவள் முப்பத்தொன்றையும் ஒன்பதையும் சொன்னாள். யார்மோ கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்ப நான் எதுக்கு இதுல இறங்கணும்?" என்றார் ரூரிக்.

"தெரியல. ஒன்பது வீட்டுல ஏன் கழட்டலங்கிறது எனக்கு இன்னும் பிடிபடல. பிடிபட்டா சொல்றேன்."

"பொய் சொல்லல நீங்க. அது வரைக்கும் சரி" என்றார். எங்கள் பக்கத்தில் எந்த முடிவும் சௌனா என்கிற நீராவிக் குளியலுக்குப் பிறகுதான் என்பதால், நான்கு பேரும் எழுந்து தூய்ரா ஆற்றங்கரைச் சௌனாவுக்குப் போனோம்.

மதிய வெயில், மைனஸ் பதினெட்டு. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் இர்மெலி தனியாக இருந்தாள். யார்மோ, ரூரிக், நான் மூவரும் ஒரு சுற்று வெந்துவிட்டு, துண்டோடு உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து சாசேஜ் தின்றோம். ரூரிக் கழற்றி வைத்த கடிகாரம் மேசைமேல் கிடந்தது. அதில் 112 என்று இருந்தது.

"இது யாரோடது?" என்றார்.

"இர்மெலியோடதுதான். பட்டையைக் கழட்ட மறந்திருப்பா" என்றேன்.

118. 131. ஆவி கிளம்பச் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள் போல. 140. மூன்று பேரும் சாசேஜைக் கீழே வைத்துவிட்டோம். பெண்கள் பக்கக் கதவு கிரீச்சிட்டது. உறைந்த ஆற்றின் பனிக்கட்டியில் வெட்டிய குளியல் குழிக்கு இறங்கும் படியில் காலடி கேட்டது. 149. 155.

அப்புறம் எண் போய்விட்டது. இரண்டு கோடுகள் மட்டும் நின்றன.

எங்கள் ரேடியோ தண்ணீரைத் தாண்டாது. கழுத்தளவு இறங்கினாலே அலை செத்துப் போகும். இதை ஐந்து வருடமாகத் தொட்டியில் வைத்து அளந்து, படம் போட்டு, மூன்று கட்டுரை எழுதியவன் நான். இருந்தும் முதலில் ஓடியவன் நானேதான். பின்னால் யார்மோ. அவனுக்குப் பின்னால், ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் துண்டும் பிடித்துக்கொண்டு, ஹெல்சிங்கி ரூரிக்.

இர்மெலி குழிக்குள் கழுத்தளவு நீரில், கம்பளித் தொப்பியோடு, சுகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடா இது, ஊர்வலமா?"

"எண்ணு போயிடுச்சு" என்றேன். பல் தந்தியடித்தது.

"தண்ணிக்குள்ள வராதுன்னு சொன்னவனே நீதானடா!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஓடி வந்த?"

அவள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டென்று படியேறி வெளியே வந்தாள். கடிகாரத்தில் 126 திரும்பி வந்தது. ரூரிக் வாய்விட்டு "அப்பாடா" என்றார். அது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது.

"யார்மோ, என் போன் எங்க? நான் தப்பான கேள்வி கேட்டுட்டேன். பட்டை யாரு கட்டிக்கிறான்னு கேட்டேன். வாட்சு யாரு கையில இருக்குன்னு ஒரு வீட்டுலயும் கேக்கல."

குளியல் அங்கியோடு கரையிலிருந்த கொட்டகையில் நெருப்பருகே உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்து, ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள்.

"பட்டை என் வீட்டுக்காரருக்கு, வாட்சு என் கையில" என்றாள் முதல் வீட்டுக்காரி. "அவரு விறகு வெட்டறப்ப நான் சமையக்கட்டுலேருந்து பாத்துப்பேன். உடம்பு எப்படின்னு கேட்டா அவருக்குக் கோபம் வரும்."

இரண்டாம் வீட்டில் அப்பாவின் துடிப்பு மகள் கையில். மூன்றாவதில் சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி. தம்பி சௌனாவில் இருந்தால் அண்ணன் கூடத்தில் கடிகாரத்தோடு. எட்டு வீட்டிலும் இதே கதைதான். கேட்க வாய் வராது, தெரியாமலும் இருக்க முடியாது. சமையலறையிலிருந்து சௌனாவுக்கு, கூடத்திலிருந்து விறகுக் கொட்டகைக்கு, எங்கள் ஊர் வீட்டுக்குப் பத்து மீட்டர் போதும். பதினொன்றுக்காக நான் மண்டையை உடைத்துக்கொண்டது தண்டம்.

"ஒன்பதாவது?" என்றார் ரூரிக். கடிகாரத்தை அவர் மறுபடி கையில் கட்டியிருந்தார்.

"ஒன்பதாவது என் வீடு. அங்க வாட்சு தொலைஞ்சு போச்சு." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். பிறகு எண்ணை அழுத்தினாள்.

அவள் கணவன் ஹெய்மோ மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். போனை எடுத்தவன் "ம்" என்றான்.

"ஹெய்மோ, என் வாட்சு உங்கிட்டயா இருக்கு?"

யார்மோ போனை நோக்கிக் குனிந்தான்.

"ஆமா."

"நவம்பர்லேருந்தா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல." அப்புறம் அவனாகவே, "இன்னிக்குக் காலையில நீ கிளம்பறப்ப நூத்திப் பத்து. அதான் ரெண்டாவது காப்பி போட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து குடுத்தேன்" என்றான்.

இர்மெலியின் முகம் அசையவில்லை. எங்கள் ஊர் முகங்கள் அப்படித்தான். ஆனால் ரூரிக்கின் கையில் எண் ஏறுவதை மூன்று பேரும் பார்த்தோம். 96. 109. 121. அவர் மரியாதையாகக் கடிகாரத்தைத் திருப்பி உள்ளங்கைப் பக்கம் மறைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகையை நோக்கித் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு பட்டைக்கு ரெண்டு வாட்சு, கட்டினவருக்கு ஒண்ணு, வீட்டுல இருக்கறவருக்கு ஒண்ணு. அப்படி வித்தா நான் இறங்கறேன்" என்றார் ரூரிக் யார்மோவிடம் மெதுவாக. "இந்த நாட்டுல வாய் திறந்து கேக்காதவங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

"எல்லாரும்தான்" என்றான் யார்மோ.

"அப்ப அதான் கணக்கு. எழுதிக்கங்க."

இர்மெலி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. போனைக் கையில் எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள்.

"இப்ப எத்தனைன்னு சொல்லு பாப்போம்."

"இங்கேருந்து தெரியல" என்றான் ஹெய்மோ. "பத்து மீட்டர்தானே எட்டும். வீட்டுக்கு வா."