படத்தில் தெரிந்த கடலைத் தோல்

அப்பாவின் குடலுக்குள் எடுத்த முதல் படத்தில் ஒரு கடலைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அறிக்கையை என் பக்கம் திருப்பி, அதன்மேல் விரல் வைத்துக் காட்டினார். அவமானத்தில் எனக்குக் காது சூடேறியது. குடல் சுத்தமாக இல்லை, ஒன்றும் பார்க்க முடியவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்றார்.

மலத்தில் ரத்தம் போவதை அப்பா மறைத்தே வைத்திருந்தார். கழிவறை கழுவப் போன அம்மாதான் கண்டுபிடித்தாள். புற்றாக இருக்குமோ என்று பார்ப்பதற்கு ஆஸ்பத்திரியில் கிடைத்த நாளுக்காக மூன்று மாதம் காத்திருந்தோம். நான் படிப்பதே மருத்துவக் கருவிகளைப் பற்றித்தான். விரல் பருமனில் வளைந்து போகும் குழாய், நுனியில் விளக்கு, கேமரா, வெட்டும் கருவி நுழைய ஒரு துளை. பார்த்த இடத்திலேயே வெட்டியும் எடுக்கலாம்! ஆசையாக அப்பாவுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். இருபது வருடம் தோட்டத்தில் எண்ணெய்க்காகச் செம்பனைக் குலை வெட்டிய மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எந்த வழியா விடுவாங்க?”

“பின்னாடி வழியாப்பா.”

“பொம்பளப் புள்ள பேசற பேச்சா இது?”

பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவரோ வயிற்றில் புண், வாய் வழியாகக் குழாய் விடப்போகிறார்கள் என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

வாய் வழி என்றால் நடுராத்திரியிலிருந்து பட்டினி கிடந்தால் போதும். பின்வழி என்றால் முதல் நாளே சோறு கிடையாது. பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். சித்தப்பாவுக்கு இது எப்படித் தெரியும்? அண்ணன் நல்லபடியாகத் திரும்பட்டும் என்று முதல் நாள் சாயங்காலம் முனியாண்டி கோயிலில் பூசை போட்டார். சர்க்கரைப் பொங்கல், கொண்டைக்கடலைச் சுண்டல். தன் பேரில் நடக்கும் பூசையில் சாப்பிட மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும். அப்பா சாப்பிட்டார். கோயிலில் அவசரம் வந்துவிடுமோ என்று மருந்தில் பாதியைக் கீழே ஊற்றியும் விட்டார். நான் வெளியூரில், செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியில் இருந்தேன். போனில் கேட்டதற்கு, “எல்லாம் குடிச்சாச்சு லா” என்றார்.

இந்தக் கதையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில்தான் அவர் வாயிலிருந்து வந்தது. அங்கேயே கத்தினேன்.

“கடலையப் பாக்கவாப்பா கேமரா விட்டாங்க? புத்து இருக்கா இல்லையான்னு இன்னும் தெரியாது. மறுபடி எத்தன மாசமோ!”

“கத்தாத. ஆளுங்க பாக்கறாங்க.”

“பாக்கட்டும். உசுர விட உங்களுக்கு வெக்கம்தான் பெருசு.”

“உன்னப் படிக்க வச்சதுதான் தப்பு.”

எங்கள் ஊரான தம்பின் வரும்வரை வண்டியில் ஒரு சொல் இல்லை. அதற்குப் பிறகும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டோம். “ரத்தம் வருதான்னு கேளும்மா.” “வரலன்னு சொல்லு.” நான் நம்பவில்லை. காலையில் அவர் கழிவறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால் எனக்குப் பயம் வரும். பயம் வந்தால் அவர்மேல் கோபம் இன்னும் ஏறும்.

இரண்டாம் முறை லீவு எடுத்து வீட்டில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு குவளை மருந்தையும் என் கண் முன்னால்தான் குடிக்க வேண்டும் என்றேன். “வீட்டுக்குள்ளயே போலீசு,” என்று அம்மாவிடம் முணுமுணுத்தபடியே குடித்தார்.

இந்த முறை படம் பளிச்சென்று இருந்தது. இளஞ்சிவப்புச் சுவரில் திராட்சை அளவில் ஒரு சதை. அதே குழாய் வழியாகக் கம்பிச் சுருக்கு ஒன்றை அனுப்பிப் பிடித்து, சூட்டால் அறுத்து எடுத்துவிட்டார்கள். வயிற்றில் கத்தி படவில்லை, தையல் இல்லை. பிறகு பரிசோதனை முடிவு வந்தது: புற்று இல்லை. விட்டிருந்தால் ஆகியிருக்கலாம். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் வந்து பார்த்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

“எப்டிண்ணே எடுத்தாங்க?”

“வாய் வழியாத்தான். சின்னப் புண்ணு.” அப்பா என்னை முறைத்தார். “இவளக் கேளு. இவதான் கூட வந்தா.”

பொய்யும் சொல்லிவிட்டு, அதற்கு என்னையே சாட்சிக்கு வேறு கூப்பிடுகிறார்! வேறு யாராவது கேட்டிருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பேன். கேட்டது அவருடைய சொந்தத் தம்பி.

“பின்னாடி வழியா எடுத்தாங்க, சித்தப்பா. புண்ணு இல்ல, சதை. உங்களுக்கும் இருக்கலாமாம். நீங்களும் போய்ப் பாக்கணும்.”

அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். உள்ளே போய் அறைக் கதவை அறைந்து சாத்தினார். சித்தப்பா கதவைப் பார்த்தார், வாழைப்பழத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“அப்ப அன்னிக்கு நான் குடுத்த பொங்கலு?”

“அதனாலதான் மொத தடவ ஒண்ணும் தெரியல.”

அவர் வாழைப்பழச் சீப்பை மேசைமேல் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நாள் வாங்கிக் குடு,” என்றார். “உன் சித்திகிட்ட மட்டும் வாய் வழியான்னே சொல்லிடு லா.”

“நாள் வாங்கித் தரேன். பொய் சொல்ல மாட்டேன்,” என்றேன்.