யாரிடமும் அழாத பிள்ளை

ஞாயிறுதோறும் என்னோடு முழங்காலிடும் சகோதரிகளே, என் தனிமையில் ஆண்டவர் செய்ததை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

பல வருடம் பிள்ளையில்லாத எங்களுக்கு, ஒரு காப்பகத்திலிருந்து நான்கு வயது ஜெனியைக் கொடுத்தார். சபையில் நீங்கள் அவளை மடிக்கு மடி மாற்றிக் கொஞ்சினீர்கள். "தங்கமான பிள்ளை. யாருகிட்ட குடுத்தாலும் அழமாட்டேங்குது" என்றீர்கள். உங்கள் முன் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன். யாரிடமும் அழாதவள் என்னிடமும் அழவில்லை. விழுந்து முட்டி உரிந்தாலும் தானே எழுந்து துடைத்துக்கொள்வாள். அவளுக்கு நானும் லிஃப்டில் பார்க்கிற ஆன்ட்டிகளும் ஒன்றுதான்.

என் கணவர் ஷிஃப்டுக்குப் போனதும் வாகட் பகுதியில் உள்ள எங்கள் ஃபிளாட்டில் நாங்கள் இருவர்தான். ஆளுக்கொரு மூலையில் தனியாக இருந்தோம். "ஆண்டவரே, ஒரே ஒருமுறை இவள் என்னைத் தேடினால் போதும்." வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். விளையாட்டுதான் அங்கே சிகிச்சை. சில மாதங்களில் ஜெனி காலையில் எழுந்ததும் அந்த ஆலோசகரைத்தான், 'தீதி' (அக்கா) எங்கே என்று கேட்க ஆரம்பித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. நான் கேட்டதை ஆண்டவர் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாரே. நிறுத்திக்கொள்கிறேன் என்று ஆலோசகரிடமே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "ஒருவரிடம் ஒட்டப் பழகினால்தான் உங்களிடமும் ஒட்டுவாள். இப்போது அறுத்துவிடாதீர்கள். நீங்களும் உள்ளே வந்து உட்காருங்கள்" என்று இந்தியில் சொன்னார். தரையில் உட்கார்ந்தேன். ஜெனி பந்தை எறிவாள். முதலில் அவர் எடுத்துக் கொடுத்தார், பிறகு என்னைக் கொடுக்கச் சொன்னார். வாராவாரம் அதே வேலை. முட்டிவலிதான் மிச்சம் என்று நினைத்த நாட்கள் உண்டு. ஜெபத்தை மட்டும் விடவில்லை.

போன ஞாயிறு, வழக்கம்போல எஸ்தர் அக்கா ஜெனியைத் தூக்கிக்கொண்டார். நான் திருவிருந்துக்கு எழுந்து நடந்தேன். பின்னால் ஓர் அலறல். அக்காவின் தோளைத் தள்ளி, இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டி, "அம்மா, அம்மா" என்று கதறினாள். ஓடிப்போய் வாங்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"என்னம்மா, நல்லா இருந்த பிள்ளைய இப்படிக் கெடுத்து வெச்சிருக்கியே" என்றார் அக்கா.

"ஆமாக்கா. ஸ்தோத்திரம்" என்றேன்.

இப்போது நான் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டுகிறாள். உங்கள் வீட்டிலும் உங்களைத் திரும்பிப் பார்க்காத பிள்ளை இருந்தால், நம்பிக் கேளுங்கள். விஷயம் தெரிந்தவர்களின் உதவியையும் தேடுங்கள். ஆண்டவர் கைவிடமாட்டார்.

வருகிற ஞாயிறும் ஜெனி அழுவாள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.