நான் போகாத ஞாயிற்றுக்கிழமை

புத்தூரில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மதியச் சோறு கொடுக்கும் சிறிய அமைப்பில் நானும் இருந்தேன். வரும் நன்கொடை பெட்ரோலுக்கே போதவில்லை. பதினொரு பேரில் மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தோம். ஞாயிறு என் முறை. ஒரு ஞாயிறு யாரிடமும் சொல்லாமல் திருப்பதிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். ஒரு வேளைதானே என்று நினைத்தேன்.

மறுநாள், கால்கள் செயலிழந்த விசைத்தறித் தொழிலாளி முனுசாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லம்மா. பக்கத்து வூட்ல சோறு குடுத்தாங்க. நீ வந்துக்கினு இருப்பேன்னு வேணான்னுட்டேன்."

"அப்புறம் கேட்டு வாங்கியிருக்கலாமே அண்ணா?"

"வேணான்னுட்டு எப்டிம்மா கேக்கறது?"

அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வர முடியாததை முன்கூட்டியே சொல்வதும் தொண்டுதான் என்று அன்று புரிந்தது.