பழவங்காடியில் உடைத்த தேங்காய்

ஆரியசாலையில் எங்கள் மொத்த வியாபாரக் கடையில் டி.வி. நாள் முழுக்க ஓடும். யாரும் பார்க்க மாட்டோம். அன்று காலை பதினொரு மணிக்கு நான் பார்த்துத் தொலைத்தேன். விமானப்படைப் பயிற்சி விமானம் வயலில் விழுந்து இரண்டு பேர் மரணம். கற்றுக்கொடுத்தவரும், கற்றுக்கொண்ட பையனும். பெயர் சொல்லவில்லை. அந்த விமானம் கிளம்பிய தளத்தில்தான் என் மகன் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தான்.

அவன் போன் அணைந்து கிடந்தது. விபத்து என்றால் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தான். தெரிந்து என்ன செய்ய? கணவர் கல்லாவில் உட்கார்ந்து அவன் எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். நான் செருப்புகூடப் போடாமல் பழவங்காடி கணபதி கோயிலுக்கு ஓடினேன். "அது என் பிள்ளையாக இருக்கக் கூடாது. ஐம்பத்தோரு தேங்காய் உடைக்கிறேன்" என்று வேண்டினேன். எங்களுக்கு எதற்கெடுத்தாலும் இதுதான். பரீட்சைக்குத் தேங்காய், பல்வலிக்கும் தேங்காய்.

வெளியே வருவதற்குள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அம்மா, நான்தான். எனக்கு ஒண்ணும் இல்லை. பின்னெ விளிக்கறேன்." பிறகு கூப்பிடுவதாகச் சொன்னவன் அதோடு வைத்துவிட்டான்.

செத்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவே தோன்றவில்லை. அங்கேயே சாக்கோடு தேங்காய் வாங்கி, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் உடைத்தேன். முப்பதைத் தாண்டியபோது மறுபடி போன். நாகர்கோவில்காரி, என் மகனின் அறைத் தோழனுடைய அம்மா. ஓணத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, அவியலை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்ற பையன் அவன்.

"அக்கா, உங்க மவன் விளிச்சானா?"

"விளிச்சான், விளிச்சான்! இப்பத்தான்!" கத்தியேவிட்டேன்.

"எனக்க மவன் இன்னும் விளிக்கல்ல. அங்க என்ன சத்தம்?"

"பழவங்காடியில தேங்காய் உடைக்கறேன். உன் பிள்ளையும் விளிப்பான், பயப்படாதே."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சர்ச்சுல முழங்கால் போட்டுட்டு இருக்கேன். எங்களுக்கு இந்தப் பழக்கம் கெடயாது. ஆனாலும் எனக்க மவனுக்கும் ஒரெண்ணம் உடைங்கக்கா."

அவன் பெயரைச் சொல்லி ஒன்றைத் தனியே எடுத்து உடைத்தேன். கையை முந்தானையில் துடைப்பதற்குள் என் மகன் அழைத்தான்.

"அவன்தாம்மா. போயிட்டான். அவங்க வீட்டுக்கு ஆபீசர்மார் போய்க்கிட்டிருக்காங்க. அவங்க சொல்றதுக்கு முன்னால நீ ஒண்ணும் சொல்லிராதே."

தேங்காய்ச் சில்லுகள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளையாக இருக்க வேண்டாம் என்றுதானே கேட்டேன்? அப்படியென்றால் வேறொருத்தி பிள்ளை போகட்டும் என்றுதானே பொருள்? அடிப்பாவி, இதையா கேட்டாய் என்று என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது. பக்கத்தில் நின்றவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

மடியில் போன் அடித்தது. அவள்தான். எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"உடச்சாச்சா அக்கா?"

"உடச்சாச்சு."

"அப்ப இனி விளிச்சிருவான்" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.